விளிம்பில் இருந்த பல்புகள்

மூன்று மாதத்தில் ஷாஹிந்தா எடுத்த படம் ஒன்றுகூட அந்த அலெக்ஸாந்திரியாப் பத்திரிகையில் வரவில்லை. சாலைப் பள்ளம், பள்ளிக்கூடத் திறப்பு விழா, அன்ஃபூஷி மீன் சந்தை என்று அனுப்பினார்கள். போய் எடுத்து வந்தாள். எல்லாரும் உஸ்தாஸ் என்று மரியாதையாக அழைக்கும் படப்பிரிவின் தலைவர் ரிஃபாத் ஒவ்வொன்றையும் பார்த்தார். "நல்லாருக்கு" என்றார். இழுப்பறையில் போட்டார். அவர் நல்லாருக்கு என்று சொன்ன எதுவும் இழுப்பறையை விட்டு வெளியே வந்ததில்லை.

பயிற்சிக் காலம் முடிய ஆறு நாள் இருந்தது. அதற்குப் பிறகு வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று ரிஃபாத் சொல்வார்.

அன்று வெள்ளிக்கிழமை. மூத்தவர்கள் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். ரிஃபாத் அவளைக் கூப்பிட்டார்.

"ரஷீத் ஊருக்குப் போ. ரகப்னு ஒரு மீன்பிடிக்காரன். செவ்வாய்க்கிழமை தனியாப் படகெடுத்துப் போனவன், புயல்ல காணோம். செய்தி ஃபோன்லயே வந்தாச்சு. படம் மட்டும்தான் வேணும். வீடு, அம்மா, ஏதாவது."

ரஷீதில் கடைசிச் சந்து. வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. சிவப்பும் நீலமுமாகப் பூவேலை செய்த துணி. உள்ளே மரநாற்காலிகள் வரிசையாக நின்றன. ஒரே ஒரு கிழவர் கடைசி நாற்காலியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். ரகபின் தாய்மாமன். வாசற்படியில் கறுப்பு உடுத்து நின்றவள் ரகபின் அம்மா, உம்மு ரகப்.

ஷாஹிந்தா தெருமுனையிலிருந்தே எடுத்தாள். பிறகு கிட்டே போய் எடுத்தாள். யாரும் தடுக்கவில்லை. உம்மு ரகப் அவளைப் படியில் உட்காரவைத்து டீ கொடுத்தாள்.

"நம்ம ஊர் முகத்துவாரம் புயல்ல மணல் மூடிக் கெடக்கு. இங்கேருந்து ஒரு படகும் வெளிய போக முடியல" என்றாள். "கிழக்கே புருல்லுஸ் துறைமுகத்துக்காரங்கதான் தேடுறாங்க. இருபது படகு. நீரோட்டம் அந்தப் பக்கம்தான் இழுக்கும். வந்துருவான்."

ஷாஹிந்தா தலையசைத்தாள். அம்மாக்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்தாள். துக்க வீட்டில் கேள்வி கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தை மரியாதை என்று எண்ணிக்கொண்டாள். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

சாயங்காலம் இருட்டறையிலிருந்து படங்கள் வந்தன. ஒன்பதாவது படத்தை ரிஃபாத் வெகுநேரம் பார்த்தார். வெற்று நாற்காலிகள், குனிந்த கிழவர், பின்னால் மங்கலாகக் கறுப்பில் அம்மா. நல்லாருக்கு என்று அவர் சொல்லவில்லை.

"இது முதல் பக்கத்துக்கு" என்றார். "வெட்டிக் கொடு."

சிவப்புப் பென்சில் அவள் கையில் இருந்தது. படத்தின் மேல் விளிம்பில், துணியின் ஓரமாக, ஒரு சரம் பல்புகள் தொங்கின. எரியாத பல்புகள். கண்ணை அங்கே இழுத்தன. இரண்டு விரல் அகலம் விட்டுக் கோடு போட்டாள். பல்புகள் போயின. படம் இறுகியது.

"பந்தல் துக்கத்துக்குப் போட்டதுதானே? கேட்டியா?" என்றார் ரிஃபாத்.

"கேட்டேன்."

"எழுது."

அவள் எழுதினாள்: *கடலில் காணாமல்போன ரகபின் வீட்டு முன் துக்கப் பந்தல். குடும்பத்தார் வருவோரிடம் துக்கம் ஏற்கின்றனர்.* கீழே சின்ன எழுத்தில் அவள் பெயர்.

*

சனிக்கிழமை காலை பத்திரிகை போடும் பையனிடமிருந்தே பத்திரிகையை வாங்கிப் பார்த்துவிட்டாள். அவளுடைய அப்பா அதை மடிக்காமல் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தார். அதன்மேல் யாரையும் தட்டு வைக்க விடவில்லை.

ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் ஃபோன் அடித்தது. பக்கத்தில் இருந்ததால் அவளே எடுத்தாள்.

"படம் எடுத்த பொண்ணு இருக்காளா?"

"நான்தான்."

"நீதானா" என்றது பெண்குரல். "நான் ரகபோட அம்மா. மருந்துக்கடையிலேருந்து பேசுறேன். ஒண்ணு மட்டும் சொல்லு. நான் யார்கிட்ட துக்கம் வாங்கிக்கிட்டேன்?"

ஷாஹிந்தா மேசைமேல் கிடந்த பத்திரிகையைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அது கல்யாணப் பந்தல், மகளே. துணி ரெண்டுக்கும் ஒண்ணுதான். வியாழக்கிழமை அவனுக்குக் கல்யாணம் நடந்திருக்கணும். பந்தல்காரன் ரெண்டு தடவை பிரிக்க வந்தான். நான் விடல. பிரிச்சா அவன் வரமாட்டான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. தலைக்கு மேல கலர் பல்பு தொங்குச்சே, நீ பாக்கலயா?"

"பார்த்தேன்."

"பார்த்தியா." குரல் உயரவில்லை. "புருல்லுஸ்ல இன்னிக்குக் காலைல ஒரு படகும் வெளிய போகல. போனவன் போயிட்டான்னு வீடு ஒத்துக்கிட்டுத் துக்கம் வாங்கிடுச்சுன்னா அதுக்கப்புறம் கடல்ல தேடமாட்டாங்க, அது அவங்க வழக்கம். நான் துறைமுகத்துக்கு ஃபோன் போட்டேன். எடுத்தவன், துக்க வீட்டுல சொல்ற மாதிரி, அல்லா உங்களுக்குப் பொறுமையைத் தரட்டும்னு சொல்லிட்டு வச்சிட்டான். புள்ளயப் பறிகொடுத்தவ பொலம்புறான்னு நெனச்சிருப்பான். அவன் என்னை நம்பல. உன் படத்தை நம்புறான்."

ஃபோன் வைக்கப்பட்டது.

அவள் ரிஃபாத்தின் மேசைக்குப் போனாள். நின்றபடியே சொன்னாள். அவர் கேட்டு முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கேட்டியான்னு கேட்டேன்ல."

"ஆமா."

"கேட்டேன்னு சொன்னே."

"கேக்கல, உஸ்தாஸ்."

அவர் புருல்லுஸ் துறைமுக எண்ணைச் சுழற்றினார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் சுழற்றினார். வைத்தார்.

"நாளைக்குத் திருத்தம் போடுவோம். ஏழாம் பக்கம், ரெண்டு வரி."

"நாளைக்குப் போட்டு என்ன பிரயோஜனம்? அஞ்சு நாள் ஆச்சு. இன்னிக்கே தேடணும்."

"பத்திரிகை நாளைக்குத்தான் வரும். அதுக்கு முன்னாடி வராது."

"நான் புருல்லுஸ் போறேன்."

"உன்னை நான் அனுப்பல" என்றார் ரிஃபாத். "அங்க போய்ப் பத்திரிகை பேரைச் சொல்லாதே. கேமரா ஆபீஸோடது. வச்சிட்டுப் போ."

கழுத்திலிருந்து கேமராவைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். பிறகு இருட்டறைக்குப் போய் ஒன்பதாவது நெகட்டிவை எடுத்தாள். எங்கும் வெட்டாமல், விளிம்பு முதல் விளிம்பு வரை, பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டாள். காய நேரமில்லை. பழைய பத்திரிகைத் தாள்களுக்கு நடுவில் வைத்துச் சுருட்டிக்கொண்டு கிளம்பினாள்.

*

புருல்லுஸில் இறங்கும்போது பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளிவாசலிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். படகுகள் எல்லாம் கரையில் நின்றன. பக்கம் பக்கமாக, கயிறு கட்டி. அவள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எண்ணினாள். இருபத்து மூன்று.

படகோட்டிகள் கூடும் காப்பிக்கடை அலையடிக்கும் இடத்திலேயே இருந்தது. உள்ளே ஒரு பெண்ணும் இல்லை. அவள் வாசலில் நின்றாள். சீட்டாட்டம் நின்றது.

"யாருப்பா இது, மகளைக் காணோம்னு யாராவது தேடினீங்களா?" என்றான் ஒருவன்.

"நான் அலெக்ஸாந்திரியாவிலேருந்து வர்றேன். ரகப் வீட்டுப் படம் எடுத்தது நான்தான்."

சிரிப்பு அடங்கியது. ஒரு இளைஞன் மட்டும் கன்னத்தைத் திருப்பிக் காட்டினான். "எங்களையும் எடுக்க வந்தியா? எடு. இதான் என் நல்ல பக்கம்."

"உனக்கு ஏதுடா நல்ல பக்கம்? முதுகைக் காட்டு" என்றான் இன்னொருவன்.

மூலையில் இருந்த பெரிய உடம்புக்காரர் கையை உயர்த்தினார். இருவரும் வாயை மூடினார்கள். அவர் ரய்யிஸ் பத்ராவி. தேடப் போன படகுகளுக்கெல்லாம் ரய்யிஸ், தலைவர், அவர்தான் என்று பேருந்து ஓட்டுநரே சொல்லியிருந்தார்.

"உள்ள வா" என்றார். "சொல்லு."

அவள் சுருளைப் பிரித்து அவர் முன்னால் விரித்தாள். ஈரம் முழுதாகப் போகாததால் தாள் ஓரம் சுருண்டது. நான்கு மூலையிலும் யாரோ கண்ணாடி டம்ளரை வைத்தார்கள்.

"அது துக்கப் பந்தல் இல்ல, ரய்யிஸ். கல்யாணப் பந்தல். ரகபுக்குப் போட்டது. அவங்க அம்மா பிரிக்க விடல. அவங்க யார்கிட்டயும் துக்கம் வாங்கிக்கல. இதோ பாருங்க, பல்பு."

பத்ராவி குனிந்து பார்த்தார். மற்றவர்களும் சூழ்ந்தார்கள்.

"பல்பு இருக்கு" என்றார். "துக்கப் பந்தல்லயும் பல்பு கட்டுவாங்க. வெள்ளை பல்பு. இது வெள்ளையா, கலரா?"

ஷாஹிந்தா படத்தைப் பார்த்தாள். கறுப்பு வெள்ளைப் படம். பல்புகள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம்.

"கலர். சிவப்பு, பச்சை, மஞ்சள். மாத்தி மாத்தி."

"இதுல தெரியலயே."

"நான் கண்ணால பார்த்தேன்."

"நேத்தும் நீதானே பார்த்தே?" என்றார் பத்ராவி. "பத்திரிகைல வந்ததுல இந்தப் பல்பே இல்ல. எங்க போச்சு?"

"நான்தான் வெட்டினேன்."

"ஏன்?"

"படத்துக்கு நல்லாயில்லன்னு."

வெளியே ஒரு படகின் பக்கம் இன்னொரு படகில் உராய்ந்தது.

"எங்க உஸ்தாஸ் கேட்டார்" என்றாள். "வீட்டுக்காரங்ககிட்ட கேட்டியான்னு. கேட்டேன்னு சொன்னேன். நான் கேக்கல."

"அப்போ நேத்து பொய் சொன்னே."

"ஆமா."

"இன்னிக்கு நெசம் சொல்றே."

"ஆமா."

"இங்க பாரு, பொண்ணே." பத்ராவி நாற்காலியில் சாய்ந்தார். "என் தம்பியும் கடல்லதான் போனான். பன்னெண்டு நாள் தேடினாங்க. பதிமூணாம் நாள் எங்கப்பா துக்கம் வாங்கிக்கிட்டார். அதுக்கப்புறமும் ஒருத்தன் தேடப் படகெடுத்தான். எங்கப்பா அவன் காலைப் பிடிச்சு, போதும்டா, விட்டுருன்னு அழுதார். அவன் ஒவ்வொரு தடவை கெளம்பறப்பவும் எங்கப்பாவுக்குப் புள்ள மறுபடியும் சாகுற மாதிரி இருந்திருக்கு. அதனாலதான் இந்த வழக்கம். வீடு முடிச்சுட்டா நாங்களும் முடிச்சுக்கணும். இப்போ அந்த வீடு முடிக்கலன்னு சொல்றே. நீ சொல்றதுல எதை நான் நம்ப?"

படத்தை மறுபடி பார்த்தாள். நாற்காலிகள், கிழவர், பல்புகள், கறுப்பு உடை. அந்த அம்மா விதவை. எப்போதும் கறுப்புதான் உடுத்துவாள். அதுவும் அவளுக்கு நேற்றுத் தெரியவில்லை; பேருந்து ஓட்டுநர்தான் இன்று சொன்னார்.

பத்ராவி படத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "அந்த வீட்டுல உனக்குக் குடிக்க ஏதாவது குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"காப்பியா?"

"டீ."

"யார் குடுத்தா?"

"அவங்க அம்மாவே. படியில உக்கார வச்சு."

"சக்கரை போட்டா?"

ஷாஹிந்தா நிமிர்ந்தாள். "மூணு கரண்டி. வேண்டாம்னு கைய மறிச்சேன். மூணாவதும் போட்டாங்க. திகட்டுச்சு."

சுற்றி நின்றவர்களில் ஒருவன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினான். துக்கம் வாங்கிய வீட்டில் சக்கரைக்கு வேலை இல்லை. வருகிறவர்களுக்குக் கசப்புக் காப்பிதான். மகனுக்குத் துக்கம் வாங்கிய எந்த அம்மாவும் அந்தப் படியில் உட்கார்ந்து ஒருத்திக்கு மூன்று கரண்டி சக்கரை போடமாட்டாள்.

பத்ராவி எழுந்தார். நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது.

"என்னடா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? கயித்தை அவுருங்க."

"ரய்யிஸ், இன்னும் ரெண்டு மணி நேரத்துல இருட்டிடும்."

"இருட்டட்டும். வெளிச்சம் வர்றப்போ நாம அங்க இருக்கணும். நாள் பூரா கரையில உக்காந்து சீட்டாடியாச்சு, இன்னும் என்ன?"

கடை காலியானது. இளைஞன் ஓடும்போது அவளைத் திரும்பிப் பார்த்தான். கேலி எதுவும் சொல்லவில்லை. மேசைமேல் படம் நான்கு டம்ளர்களுக்கு நடுவில் கிடந்தது.

*

அன்று பத்ராவியின் வீட்டுப் பெண்கள் அவளைத் தங்கவைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை கடையில் பத்திரிகையை வாங்கிப் பார்த்தாள். ஏழாம் பக்கம், ரெண்டு வரி. *நேற்றைய படத்தில் இருந்தது திருமணப் பந்தல். ரகபின் குடும்பத்தார் துக்கம் ஏற்கவில்லை.*

பகல் பதினோரு மணிக்குப் பத்ராவி வயர்லெஸில் பேசினார். துறைமுக அறையில் நின்று அவள் கேட்டாள். பெண்களும் கேட்டார்கள்.

படகு கிடைத்துவிட்டது. கவிழவில்லை. எஞ்சின் செத்து, கிழக்கே ரொம்பத் தூரம் மிதந்து போயிருந்தது. ரகப் அதிலேயே இருந்தான். வலையை விரித்து அதன்மேல் படுத்திருந்தான். தண்ணீர் கேன் காலியாக இருந்தது.

"உடம்பைத்தான் கொண்டு வர்றோம்" என்றார் பத்ராவி. அவ்வளவுதான்.

கரைக்கு வந்ததும் அரசு டாக்டர் பார்த்தார். உயிர் போய் எவ்வளவு நேரம் இருக்கும் என்று பத்ராவி கேட்டார்.

"ஒரு நாள் இருக்கும். கொஞ்சம் கூடவும் இருக்கலாம், குறையவும் இருக்கலாம்."

ஷாஹிந்தா மனசுக்குள் கணக்குப் போட்டாள். சனிக்கிழமை காலை. சனிக்கிழமை பகல். இருபத்து மூன்று படகும் கரையில் கட்டிக் கிடந்த நேரம். பத்ராவி அவளைப் பார்த்தார்.

"மணியைக் கேக்காத" என்றார். "எனக்கும் தெரியாது. இவருக்கும் தெரியாது."

அது ஆறுதலா இல்லையா என்று அவளுக்குப் புரியவில்லை. அவருடைய கால்சட்டை முழங்கால்வரை உப்பு பூத்திருந்தது. அவளைத் தாண்டி நடந்து போய்ப் பிணவண்டியின் பின்கதவைத் தானே பிடித்துக்கொண்டார்.

*

திங்கட்கிழமை அடக்கம் முடிந்தபிறகு ரஷீதுக்குப் போனாள்.

அதே சந்து. அதே பந்தல். பந்தல்காரன் ஏணிமேல் நின்று கலர் பல்புச் சரத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தான். சிவப்பு, பச்சை, மஞ்சள். உடையாமல் ஒவ்வொன்றாகக் கையில் சுற்றினான். துணியைப் பிரிக்கவில்லை. நாற்காலிகளையும் எடுக்கவில்லை. துக்கத்துக்கு அவையே போதும். கல்யாணத்துக்கு வந்திருக்க வேண்டிய ஆண்கள் வந்து அவற்றில் உட்கார ஆரம்பித்தார்கள். மாமன் வாசல் பக்கம் நின்று ஒவ்வொருவர் கையையும் பிடித்தார்.

சந்து முனையில் பத்திரிகையின் மூத்த படக்காரர் ஷுக்ரி நின்றார். கழுத்தில் கேமரா. வெள்ளிக்கிழமை அவள் நின்ற அதே இடம்.

"நீ எங்க இங்க?" என்றார். "உஸ்தாஸ் உன் மேசையைக் காலி பண்ணச் சொல்லிட்டார், தெரியுமா?"

"தெரியாது."

ஷுக்ரி கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். பந்தல், நாற்காலிகள், பின்னால் மங்கலாக வாசற்படி. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு கேமராவைத் தாழ்த்தினார்.

"இந்தப் படம்தான் ஏற்கெனவே நம்மகிட்ட இருக்கே" என்றார். ஒன்றும் எடுக்காமல் பேருந்து நிலையத்தைப் பார்த்து நடந்தார்.

பெண்கள் வீட்டுக்குள் இருந்தார்கள். கதவு திறந்திருந்தது. ஷாஹிந்தா செருப்பைக் கழற்றினாள். கேமரா இல்லாத கழுத்து லேசாக இருந்தது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பாயில் இடம் விட்டார்கள். உட்கார்ந்தாள். யாரோ பக்கத்தில் இருப்பவளிடம், இதான் அந்தப் பொண்ணு, என்று சொல்வது கேட்டது.

உம்மு ரகப் சுவரில் சாய்ந்திருந்தாள். மூன்று நாளில் சுருங்கிப்போயிருந்தாள். இவளைப் பார்த்தாள்.

"புருல்லுஸ் ரய்யிஸ் சொன்னார்" என்றாள். "சக்கரையைச் சொன்னியாமே."

"ஆமாம்மா."

"அது இல்லாட்டி தேடியிருக்க மாட்டாங்களாம். மண்ணுகூடக் கெடச்சிருக்காதாம் அவனுக்கு."

ஷாஹிந்தா தலையை நிமிர்த்தவில்லை. "ஒரு நாள் வீணாப் போச்சு" என்றாள். "என்னால."

உம்மு ரகப் காப்பித் தட்டு வைத்திருந்த பெண்ணைக் கையசைத்துக் கூப்பிட்டாள். ஒரு சின்னக் கோப்பையைத் தானே எடுத்து அவளிடம் நீட்டினாள்.

ஷாஹிந்தா வாங்கிக்கொண்டாள். வரும் வழியெல்லாம் ஒரே வார்த்தையைச் சொல்லிப் பார்த்திருந்தாள். துறைமுகத்துக்காரன் ஃபோனில் சொன்ன அதே வார்த்தை: அல்லா உங்களுக்குப் பொறுமையைத் தரட்டும். அவளுக்கும் வேறு வார்த்தை தெரியாது. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

வெளியே ஏணி இழுபடும் சத்தம் கேட்டது. பல்புச் சரம் எதிலோ மோதிக் கிணுகிணுத்தது. பிறகு அதுவும் நின்றது.

"இப்ப சொல்லு" என்றாள் உம்மு ரகப்.

ஷாஹிந்தா சொன்னாள். பிறகு காப்பியைக் குடித்தாள். மிகவும் கசந்தது. அடியில் தங்கிய தூள் தெரியும்வரை குடித்தாள்.